சித்திரத்துக்கு உயிர் தந்த தாதாசாகேப் பால்கே

திரைத்துறையின் மிக உயர்ந்த விருது பால்கே பெயரில் வழங்கப்படுகிறது. சிவாஜி கணேசனுக்கும் கே. பாலசந்தருக்கும் அது கிடைத்தபோது தமிழ்நாடே மகிழ்ந்தது. விருதுக்குப் பெயர் தந்த மனிதரை, 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' என்னும் மௌனப்படத்தை எடுத்த இந்தியத் திரைப்படத்தின் தந்தை என்ற அளவில் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவரது மற்றொரு முகம் அதிகம் பேசப்படுவதில்லை. உலகில் எங்கும் நடமாடாத உருவங்களைத் தம் கையால் சமைத்து, அவற்றுக்குத் திரையில் நடையும் மூச்சும் கொடுத்த சித்திரக்காரர் அவர். கார்ட்டூன் படம் என்னும் கலைக்கு இந்தியாவில் முதல் விதை ஊன்றியவரும் அவரே.

துண்டிராஜ் கோவிந்த் பால்கே 1870 ஏப்ரல் 30-ஆம் நாள் நாசிக்கை அடுத்த திரியம்பகேசுவரத்தில் பிறந்தார். தந்தையார் வடமொழிப் புலவர். புராணக் கதைகள் வீட்டிலேயே காதில் விழுந்தன. மகனுக்கோ கதையைக் கேட்பதைவிட அதை வரைந்து பார்ப்பதில்தான் நாட்டம். 1885-ல் பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்தார். பின்னர் பரோடாவின் கலாபவனத்தில் ஓவியம், மண்ணுருவம் சமைத்தல், கட்டடக்கலை, புகைப்படம் என்று பலவும் பயின்றார். ஒன்றைப் பிடித்தால் அதன் அடிவேர்வரை போய்விடுவது அவர் குணம். அந்தக் குணமே அவரை உயர்த்தியது. பலமுறை கடனிலும் தள்ளியது.

கோத்ராவில் புகைப்படக்காரராகத் தொழில் நடத்திய காலத்தில் பிளேக் நோய் அவருடைய முதல் மனைவியையும் குழந்தையையும் கொண்டுபோயிற்று. ஊரை விட்டு அகன்றார். ஜெர்மானிய மாயவித்தைக்காரர் ஒருவரிடம் வித்தை கற்று, தம் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டுப் 'பேராசிரியர் கெல்பா' என்ற பெயரில் மேடையேறினார். ஏதோ வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பார்ப்பவன் கண் எங்கே போகும், எந்த நொடியில் அதை ஏமாற்றலாம் என்ற கணக்கை அவர் அங்கேதான் கற்றார்.

1903-ல் தொல்பொருள் ஆய்வுத் துறையில் வரைவாளர் வேலை கிடைத்தது. வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசி உணர்ச்சியில் அரசு வேலையை உதறினார். பின்பு லோனாவ்லாவை அடுத்து இயங்கிய, ரவிவர்மா தொடங்கிய அச்சகத்துக்காகப் பணியாற்றினார். அந்த அச்சகத்திலிருந்து புறப்பட்ட வண்ணப்படங்கள் நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் ஏறின. தமிழ்நாட்டுக் கூடங்களிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வீற்றிருந்த திருமகளும் கலைமகளும் அந்த வழி வந்தவர்களே. தெய்வத்துக்கு எந்த முகம், எந்த ஆடை, எந்த நிற்கும் நிலை என்பதை நாடு அந்தப் படங்களைப் பார்த்து மனத்தில் பதித்துக் கொண்டிருந்த காலம் அது. பிற்காலத்தில் பால்கே திரைக்குக் கொண்டுவந்த இராமனும் கண்ணனும் அந்தச் சுவர்ப்படங்களின் உறவினர்கள் என்பதை, எஞ்சியுள்ள படச்சுருள்களைப் பார்ப்போர் எளிதில் உணரலாம்.

சொந்த அச்சகம் தொடங்கி, புதிய இயந்திரங்களுக்காக ஜெர்மனி சென்று திரும்பி, கூட்டாளிகளோடு மனம் வேறுபட்டுத் தொழிலை விட்டு நின்றபோது அவருக்கு நாற்பது வயது. 1911-ல் பம்பாயில் ஏசுநாதரின் வாழ்க்கைப்படம் ஒன்றைக் கண்டார். திரையில் ஏசு நடந்தபோது அவர் உள்ளத்தில் கண்ணன் நடந்தான். அன்றுமுதல் பல மாதங்கள் நாள்தோறும் கொட்டகையில் கிடந்தார். ஓய்வில்லாமல் பார்த்ததில் பார்வையே மங்கிப் போயிற்று. ஓவியனுக்குக் கண் போனால் மிச்சம் என்ன? மருத்துவரின் கவனிப்பால் பார்வை மீண்டது. மீண்ட பார்வையை அவர் மறுபடியும் படத்தின் மேலேயே வைத்தார்.

தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை ஈடு வைத்துப் பணம் திரட்டி 1912 பிப்ரவரியில் இலண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே ஹெப்வொர்த்தின் படப்பிடிப்பு நிலையத்தில் தொழில்நுட்பம் கண்டறிந்து, வில்லியம்சன் படப்பெட்டிக்கும் துளையிடும் கருவிக்கும் ஏற்பாடு செய்து இரண்டே மாதத்தில் திரும்பினார்.

கதைப்படம் எடுப்பதற்கு முன், பணம் போடுவோருக்கு நம்பிக்கை ஊட்ட அவர் எடுத்துக் காட்டிய சிறுபடம் வியப்புக்குரியது. அதில் அரசனும் இல்லை, அரசியும் இல்லை. தொட்டியில் ஊன்றிய ஒரு பட்டாணி! அது முளைவிட்டு, இலை விரித்து, கொடியாகப் படர்வதை இடைவெளி விட்டு விட்டு ஒவ்வொரு சட்டமாகப் பதிவு செய்தார். ஏறத்தாழ ஒரு மாதத்து வளர்ச்சி ஒரு நிமிட அளவில் திரையில் ஓடியது. கண்ணெதிரே கொடி எழுந்து நெளிவதைக் கண்டவர்கள் வாயடைத்துப் போயினர். கடனும் கிடைத்தது. கேமரா என்பது நடப்பதைப் பிடிக்கும் பெட்டி மட்டுமன்று, நடக்காததை நடக்க வைக்கும் பெட்டி என்று பால்கே உணர்ந்துவிட்டார் என்பதற்கு அந்தப் பட்டாணியே சாட்சி.

'ராஜா ஹரிச்சந்திரா' உருவான வரலாறு பலரும் எழுதியது. அரசி வேடத்துக்குப் பெண்கள் எவரும் முன்வராததால், உணவு விடுதியில் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞரைத் தாராமதியாக்கினார். தெருக்கூத்தில் ஆண்மகன் திரௌபதியாகக் கூந்தல் விரிப்பதைப் பார்த்துப் பழகிய கிருஷ்ணகிரி, குந்தாரப்பள்ளி வட்டாரத்து மக்களுக்கு இது விந்தையாகப் படாது. படம் 1913 மே 3 அன்று பம்பாய் கொரோனேஷன் அரங்கில் வெளியாயிற்று.

அதன் பின்னால் நின்ற ஒரு பெயரைச் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது. பால்கேயின் இரண்டாம் மனைவி சரசுவதிபாய் தம் நகைகளைக் கொடுத்தார். பகலெல்லாம் படக்குழுவினர் அனைவருக்கும் சமைத்தார். வெயிலில் வெள்ளைத் துணியைப் பிடித்து நடிகர் முகத்தில் ஒளி பாய்ச்சினார். இரவில் விளக்கை மறைத்து வைத்துக்கொண்டு படச்சுருளின் ஓரங்களில் துளையிட்டார். மருந்துக் கலவைகளையும் கலந்தார். இந்தியாவின் முதல் படத்தொழிலாளி அவர்தாம் என்றால் மிகையன்று. 

நாசிக்கில் பட நிலையம் அமைத்து, 'மோகினி பஸ்மாசூர்', 'சத்தியவான் சாவித்திரி' ஆகியவற்றை எடுத்து, 1914-ல் அவற்றுடன் மீண்டும் இலண்டன் சென்று பாராட்டுப் பெற்றார். அங்கேயே தங்கும்படி வந்த அழைப்புகளை ஏற்கவில்லை. அதற்குள் முதல் உலகப்போர் மூண்டது. ஊர் திரும்பியபோது பணம் தருவதாகச் சொன்னவர்கள் பின்வாங்கினர். பெரிய படம் எடுக்க வழியில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் அவருக்குத் தெரியாது.

அந்த வறட்சியில்தான் 1915-ல் 'ஆக்காட்யாஞ்சி மௌஜ்', அதாவது தீக்குச்சிகளின் வேடிக்கை, பிறந்தது. பிரான்சு நாட்டின் எமில் கோல் 1908-லேயே தீக்குச்சிகளை நடமாட விட்டிருந்தார். அந்த வழியையே பால்கே இந்தியாவில் முயன்றார். முறை எளிதாகத் தோன்றும். குச்சிகளை ஓர் உருவமாக அடுக்கி ஒரு சட்டம் எடுக்க வேண்டும். ஒரு குச்சியை மயிரிழை நகர்த்தி அடுத்த சட்டம் எடுக்க வேண்டும். அக்காலத்து ஓட்டத்தில் நொடிக்குப் பதினாறு சட்டங்கள் என்று கொண்டால், ஒரு நிமிடப் படத்துக்கு 960 முறை நிறுத்தி, நகர்த்தி, மறுபடி எடுக்க வேண்டும். நடுவில் ஒரு குச்சி தவறி உருண்டால் உருவம் திரையில் துள்ளிக் குதிக்கும். சோறு கேட்காத, கூலி கேட்காத, சொன்னபடி நிற்கும் நடிகர்கள்! கைப்பணம் வற்றியவனுக்கு இவர்களைவிட நல்ல குழு வாய்க்குமா? சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் இன்னும் தலையெடுக்காத காலம். ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் குச்சிகள் வந்துகொண்டிருந்தன. முகமோ கையோ இல்லாத மரத்துண்டு, அசையும் விதத்தால் மட்டுமே ஓர் ஆளாகிவிடுகிறது. உருவம் அமைப்போர் இன்றும் முதலில் கற்க வேண்டிய பாடம் அதுதான். நாணயங்களை இயக்கியும் அவர் ஒரு சிறுபடம் எடுத்தார்.

1917-ல் 'லங்கா தகனம்' வந்தது. இராமனும் சீதையும் ஒருவரே, அதே சாளுங்கே! ஆயினும் மக்கள் மனத்தைக் கவர்ந்தவன் அனுமன். வால் எரிய, வானில் எழுந்து, சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகும் வானரனைக் கண்டு கொட்டகைகள் அதிர்ந்தன. சென்னையில் வசூலான காசுகளை மாட்டுவண்டியில் ஏற்றிக் காவலர் துணையோடு கொண்டுசென்றதாகச் சொல்வதுண்டு. காசின் எடை கதையில் கொஞ்சம் கூடியிருக்கலாம்; கூட்டம் பொய்யன்று. பால்கேயின் படங்கள் தந்த ஊக்கத்தில்தான், மோட்டார் உதிரிப்பாக வணிகரான ஆர். நடராஜ முதலியார் சென்னையில் 'கீசக வதம்' எடுத்துத் தமிழ்நாட்டுத் திரைப்படத்துக்குத் தொடக்கம் செய்தார்.

1918-ல் கூட்டாளிகளுடன் இந்துஸ்தான் பிலிம் கம்பெனி உருவாயிற்று. 'ஸ்ரீகிருஷ்ண ஜன்மம்' படத்தில் கம்சனின் தலை உடலை விட்டுக் கழன்று மேலெழுந்து மீண்டும் வந்து பொருந்துகிறது. கொடுங்கோலனின் அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான சித்திரம் வேண்டுமா? ஒரே சுருளில் இருமுறை ஒளியேற்றுவதும், ஒரு பகுதியைக் கறுப்பால் மறைத்து எடுப்பதும் அவருக்குக் கைவந்த வித்தைகள். கெல்பாவின் மேடைக் கண்கட்டு இங்கே படச்சுருளுக்குள் குடியேறியது.

1919-ல் வந்த 'காளிய மர்த்தனம்' அவர் படைத்த உருவங்களுள் சிறந்தவற்றைக் கொண்டது. கண்ணனாக நடித்தவள் அவர் மகள் மந்தாகினி, ஏறக்குறைய ஏழு வயதுச் சிறுமி. படத்தின் தொடக்கத்தில் அவள் முகம் மட்டும் பலவித மெய்ப்பாடுகளைக் காட்ட, அந்த முகமே கண்ணனாக மாறுகிறது. எதிரே காளியன். செய்யப்பட்ட பாம்புதான், இன்றைய கண்ணுக்கு அது ஒளியவும் இல்லை. ஆனால் அந்தப் பெரும் படத்தின் மேல் சிறு பாதங்கள் ஏறும்போது, பாம்பின் பருமனும் குழந்தையின் சிறுமையும் சேர்ந்து கதையைத் தாமே சொல்லிவிடுகின்றன. பூதத்தை அச்சமூட்டுவதாகச் செய்துவிடலாம். அதன் எதிரில் நிற்பவரின் அளவைச் சரியாக அறிந்து செய்வது அரிது. பால்கே அதை அறிந்திருந்தார்.

கூட்டாளிகளுக்கோ கணக்கேட்டின் அளவே பெரிதாகப் பட்டது. பூசல் முற்றி, காசிக்குச் சென்று ஒதுங்கி வாழ்ந்து நாடகம் எழுதினார். பின்னர் மீண்டும் வந்து பல படங்களை இயக்கினாலும் பழைய உற்சாகம் திரும்பவில்லை. 1931-ல் படம் பேசத் தொடங்கிவிட்டது. அவர் மௌனப்படமாக எடுத்த 'சேது பந்தன'த்துக்குப் பின்னர் ஒலி சேர்க்க வேண்டியதாயிற்று. கோலாப்பூரில் 1937-ல் வெளியான 'கங்காவதரண'மே அவர் இயக்கிய ஒரே பேசும்படம், அதுவே கடைசியும். நாசிக்கில் பெரிதும் மறக்கப்பட்டவராக 1944 பிப்ரவரி 16 அன்று காலமானார். அவர் பெயரில் விருது ஏற்பட்டது 1969-ல், கால் நூற்றாண்டு கழித்து.

இதற்கிடையே 1934-ல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்துக்காகக் குணமய் பானர்ஜி வரைந்து இயக்கிய கார்ட்டூன் படம் திரையரங்கில் காட்டப்பட்டது. அதன் பெயர் 'பட்டாணி சகோதரர்கள்' என அமைந்தது தற்செயலே.

பால்கேயின் நூற்றுக்கு மேற்பட்ட பெரிதும் சிறிதுமான படங்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின. தீக்குச்சிகளின் படம் எஞ்சவில்லை. 'காளிய மர்த்தனம்' மட்டும் பெரும்பகுதி கிடைத்து, புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் காக்கப்பட்டது. மந்தாகினியின் முகம் கண்ணனாக மாறும் அந்தத் தொடக்கமும் அதில் இருக்கிறது.