கில்பர்ட் வாக்கர்

சர் கில்பர்ட் தாமஸ் வாக்கர் (ஜூன் 14, 1868 – நவம்பர் 4, 1958) ஆங்கிலேயக் கணிதவியலாளரும் வானிலை அறிஞரும் ஆவார். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவராகப் பணியாற்றினார். தெற்கத்திய அலைவு என்னும் காற்றழுத்த மாற்றத்தை வரையறுத்துப் பெயரிட்டவர் இவரே.

இளமை

இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ரோச்டேல் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பயின்று, 1889 இல் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். பூமராங் எறிவதில் பெரும் ஆர்வம் கொண்டிருந்தார். எறிந்த பூமராங் திரும்பி வருவதன் காரணத்தைக் கணித முறையில் விளக்கி 1897 இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார்.

பருவமழை ஆய்வு

1899 இல் இந்தியாவில் நல்ல மழை பெய்யும் என்று வானிலைத் துறை முன்னறிவித்திருந்தது. ஆனால் பருவமழை பொய்த்துக் கடும் பஞ்சம் ஏற்பட்டது. அப்போதைய தலைவர் ஜான் எலியட்டுக்குப் பின் அப்பொறுப்புக்கு வந்த வாக்கருக்கு வானிலையியலில் முன்பயிற்சி எதுவும் இல்லை. காற்றோட்டத்தை இயற்பியல் சமன்பாடுகளால் கணிப்பது அக்காலத்தில் இயலாது என்று கண்ட அவர், புள்ளியியலை நாடினார். உலகின் பல இடங்களில் பதிவான அழுத்தம், மழை, வெப்பநிலை ஆகியவற்றுக்கும் இந்திய மழைக்கும் உள்ள ஒட்டுறவை எழுத்தர்களைக் கொண்டு கணக்கிடச் செய்தார். கணிப்பொறி இல்லாத காலத்தில் இஃது எளிய வேலையன்று. இவருடைய தொடக்ககாலச் சூத்திரத்தில் இமயமலைப் பனி, மொரிசியசிலும் தென் அமெரிக்காவிலும் நிலவும் காற்றழுத்தம், சான்சிபார் மழை ஆகியவை இடம்பெற்றன.

பல காரணிகளைச் சோதித்தால் அவற்றுள் ஒன்றிரண்டு தற்செயலாகவே பொருந்திவிடும் என்பதையும் இவர் உணர்ந்திருந்தார். அதனைக் கண்டறிய ஓர் அளவுகோலையும் வகுத்தார். பருவமழையைச் செம்மையாக முன்னறிவிக்கும் நோக்கம் முழுமையாக நிறைவேறவில்லை. இவர் கண்ட தொடர்புகளுள் சில பின்னாளில் வலுவிழந்தன. எனினும் அத்தேடலின் பயனாகவே, பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடற் பகுதியில் தாழ்வதும், பின்னர் இது தலைகீழாக மாறுவதும் தெளிவாயின. 1924 இல் இதற்குத் தெற்கத்திய அலைவு எனப் பெயரிட்டார்.

இராமானுசன்

1913 பெப்ரவரியில் சென்னைக்கு வந்த வாக்கரிடம், துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த சீனிவாச இராமானுசனின் கணக்குகள் காட்டப்பட்டன. தூய கணிதம் தம் துறையன்று என்றபோதிலும், அவற்றின் தனித்தன்மையைக் கண்டு, ஆய்வு உதவித்தொகை வழங்குமாறு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். இராமானுசனுக்கு மாதம் 75 ரூபாய் கிடைத்தது. ஹார்டியின் பெயரே பெரிதும் பேசப்படுவதால், வாக்கரின் இப்பங்கு பலருக்கும் தெரிவதில்லை.

பிற்காலம்

1924 இல் இங்கிலாந்து திரும்பி, 1934 வரை இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். தொலைவிலுள்ள இடங்களின் வானிலையை இணைக்கும் இவரது கருத்தை, காரணம் விளக்கப்படவில்லை என்று கூறிப் பலர் ஐயுற்றனர்.

அக்காரணம் இவர் மறைந்து 11 ஆண்டுகளுக்குப் பின், 1969 இல் ஜேக்கப் பியர்க்னசால் விளக்கப்பட்டது. இந்தோனேசியாவை ஒட்டிய சூடான கடல்மேல் காற்று எழுகிறது. உயரத்தில் கிழக்கே சென்று, தென் அமெரிக்காவை ஒட்டிய குளிர்ந்த கடல்மேல் இறங்குகிறது. பின்னர் கடற்பரப்பை ஒட்டி மேற்கே திரும்புகிறது. இதற்கு வாக்கர் சுழற்சி என்று பியர்க்னசு பெயரிட்டார். எல் நினோ ஆண்டுகளில் சூடான நீர் கிழக்கே பரவ, இச்சுழற்சி தளர்கிறது. அவ்வாண்டுகளில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறைகிறது. தமிழகத்துக்கு உரிய வடகிழக்குப் பருவமழையோ மிகுதியாகப் பெய்வதுண்டு.