வலி மாத்திரை முதல் மண் பரிசோதனை வரை... யார் இந்த ஜே.சி. கோஷ்?

கம்பத்தில் இருந்து ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருபவர்கள், முட்டி வலிக்கு வாங்கிப் போடும் மாத்திரைகளில் ஒன்று டைக்ளோஃபினாக் சோடியம். அது ஒரு உப்பு. டைக்ளோஃபினாக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. அதனால்தான் சோடியம் உப்பாக மாற்றித் தருகிறார்கள்.

கரைந்ததும் அது சோடியம், டைக்ளோஃபினாக் என இரண்டு அயனிகளாகப் பிரியும். ஒன்று நேர்மின், இன்னொன்று எதிர்மின். தண்ணீரில் மின்சாரத்தைக் கடத்துவது இந்த அயனிகள்தான்.

என்ன சிக்கல்?

சாப்பாட்டு உப்பு மாதிரியான உப்புகள் தண்ணீரில் ஓரளவுதான் பிரிகின்றன என்றார் ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரீனியஸ். ஆனால் ஆய்வகத்தில் அளந்த கடத்துதிறன், அந்தக் கணக்கோடு ஒத்துப்போகவே இல்லை.

1918ல் இதில் கை வைத்தவர்தான் ஞான சந்திர கோஷ். 1894ல் பிறந்தவர். கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பி.சி. ராயின் மாணவர். சத்யேந்திரநாத் போஸ், மேக்நாத் சாஹா எல்லாம் கூடப் படித்தவர்கள்!

உப்பு முழுசாகவே பிரிகிறது, ஆனால் அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் எல்லாமே சுதந்திரமாக ஓட முடிவதில்லை என்றார் கோஷ். தண்ணீருக்குள்ளும் அயனிகள் படிகம் போல வரிசையாக நிற்பதாகக் கணக்குப் போட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது.

கணக்கு நிலைத்ததா?

இல்லை. 1923ல் டிபை, ஹியூக்கல் இருவரும் வேறு படம் வரைந்தார்கள். வரிசை கிடையாது, ஒவ்வொரு அயனியையும் எதிர் மின்சுமை கொண்ட அயனிக் கூட்டம் சூழ்ந்திருக்கும். வீரபாண்டி திருவிழாக் கூட்டத்தில் நடக்கிற மாதிரி, வேகம் குறையும். இந்த விளக்கம்தான் நிலைத்தது. ஆனால் உப்பு முழுசாகப் பிரியும், இழுவிசைதான் வேகத்தைக் குறைக்கும் என்ற அடிப்படை அப்படியே நின்றது.

கோஷ் அதோடு ஓய்ந்துவிடவில்லை. டாக்காவில் பேராசிரியர். 1939 முதல் 1948 வரை பெங்களூரு இந்திய அறிவியல் கழக இயக்குநர். சி.வி. ராமனுக்கு அடுத்து அந்த நாற்காலியில் அமர்ந்த இந்தியர் இவர். பிறகு நாட்டின் முதல் ஐஐடியான கரக்பூருக்கு முதல் இயக்குநர். 1959ல் காலமானார்.

நமக்கு இதில் என்ன இருக்கு?

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயி தண்ணீரையோ மண்ணையோ பரிசோதனைக்குக் கொடுத்தால், முடிவில் இ.சி. என்று ஒரு எண் வரும். அதுதான் மின் கடத்துதிறன். எண் ஏறினால் உப்பு அதிகம். பக்கத்திலேயே ஈரம் இருந்தாலும் வேர் அதை உறிஞ்சத் திணறும். அடுத்த தடவை சீட்டு வாங்கும்போது, உரம் போடும் முன் அந்த எண்ணைப் பாருங்க.