கம்பியில்லாத் தந்தி கண்ட மார்க்கோனி

செங்கற்பட்டு மாவட்டத்தில், முட்டுக்காட்டுக் கழிமுகத்தை அடுத்து அமைந்துள்ள பழம்பதி கோவளம். அவ்வூரினின்றும் இரவிற் படகேறிச் செல்லும் பரதவர், சென்னைத் துறைமுகம் நோக்கிச் செல்லும் பெருங்கப்பல்களின் விளக்குகளைத் தொலைவிற் காண்பர். கப்பலின் வலப்புறத்தே பச்சை விளக்கும் இடப்புறத்தே சிவப்பு விளக்கும் எரிதல் வேண்டும் என்பது உலகப் பொதுவிதி. அவற்றைக் கொண்டு, எதிர்வரும் கப்பல் எப்பக்கம் செல்கின்றது என்று அறியலாம். அக்கப்பல் தோன்றும் திசை நன்கு மாறிக்கொண்டே வருமாயின், பெரும்பாலும் அஞ்ச வேண்டுவதில்லை. திசை மாறாது தொலைவு மட்டும் குறைந்துகொண்டே வருமாயின், மோதும் இடர் உண்டு. ஆயின், மூடுபனி கவிந்தபொழுது விளக்கும் தோன்றாது; திசையும் புலனாகாது. அத்தகைய வேளையிலும் கப்பலொடு கப்பல் பேசுதற்கு வழி கண்டவர் மார்க்கோனி என்னும் அறிஞர்.

மார்க்கோனி 1874-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பொலோனா நகரிற் பிறந்தார். தந்தையார் இத்தாலிய நிலக்கிழார். தாயார் அயர்லாந்து நாட்டவர். மார்க்கோனி பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். எனினும், ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் ஆராய்ந்து காட்டிய மின்காந்த அலைகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் நம் நாட்டறிஞர் ஜகதீச சந்திர போசும் கல்கத்தாவில் அவ்வலைகளை ஆராய்ந்து வந்தார். மார்க்கோனி 1895-இல் தம் வீட்டிலிருந்து ஒரு குன்றுக்கு அப்பால் ஏறக்குறைய ஒன்றரை மைல் தொலைவு செய்தி அனுப்பினார். செய்தி சேர்ந்தது என்பதை அவர் தமையனார் துப்பாக்கி வெடித்து அறிவித்தார்.

மறு ஆண்டில் அவர் இங்கிலாந்து சென்று தம் கருவிக்கு உரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1898-ஆம் ஆண்டின் இறுதியில் குட்வின் மணல்திட்டின் அருகே நின்ற விளக்குக் கப்பலில் அவருடைய கருவி பொருத்தப்பட்டது. 1899 ஏப்ரல் மாதத்தில் ஒரு நீராவிக் கப்பல் அவ்விளக்குக் கப்பல்மீது மோதியது. உடனே அதிலிருந்தோர் கம்பியில்லாத் தந்தியாற் கரைக்குச் செய்தி விடுத்து உதவி வேண்டினர். கடலிடையே இடருற்றோர் இவ்வாறு கரையொடு பேசியது உலகிற்குப் புதுமையாயிற்று.

1901 டிசம்பர் 12-ஆம் நாள் அட்லாண்டிக் பெருங்கடலையே அவருடைய அலைகள் கடந்தன. 1909 ஜனவரியில், அமெரிக்கக் கரைக்கு அப்பால் மூடுபனியில் ரிபப்ளிக், புளோரிடா என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. ரிபப்ளிக் கப்பலின் தந்தியாளர் இடைவிடாது விடுத்த அழைப்பைக் கேட்டு மற்றொரு கப்பல் விரைந்து வந்தது. ஏறக்குறைய 1,500 பேர் உயிர் பிழைத்தனர். அவ்வாண்டே மார்க்கோனிக்கும் ஜெர்மானிய அறிஞர் பிரவுனுக்கும் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பலுக்குப் பனிப்பாறைகள் உண்டென்னும் எச்சரிக்கைகள் கம்பியில்லாத் தந்தி வழியே பன்முறை வந்தன. அவற்றுள் எல்லாம் தலைவரைச் சென்று சேரவில்லை; கப்பலின் வேகமும் குறைக்கப்படவில்லை. பாறையில் மோதிய பின் விடுத்த அழைப்பை, அண்மையில் நின்ற கலிபோர்னியன் கப்பல் கேட்கவில்லை. அதன் தந்தியாளர் உறங்கச் சென்றிருந்தார். தொலைவினின்று வந்த கார்ப்பேத்தியா ஏறக்குறைய 700 பேரைக் காத்தது. ஏறக்குறைய 1,500 பேர் மாண்டனர். இதன் பயனாக, 1914-இல் இலண்டனிற் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை, பெரும் பயணிக் கப்பல்களில் இரவும் பகலும் அழைப்புக்குச் செவிசாய்த்தல் வேண்டும் என விதி வகுத்தது.

இடர் நேர்ந்தபின் உதவி வேண்டுவதினும், இடரை முன்னறிந்து விலகுதல் நன்று அன்றோ? மின்காந்த அலைகள் பிற கப்பல்களிற் பட்டு மீளுதலால், மூடுபனியிலும் அவற்றின் இருப்பை அறியலாகும் என்று 1922-இல் நியூயார்க்கு நகரில் மார்க்கோனி எடுத்துரைத்தார். 1934-இல் தம் கப்பலாகிய எலெட்ராவின் சாளரங்களைத் திரையிட்டு மூடி, அலைகளின் துணைகொண்டே அதனை வழுவாது செலுத்திக் காட்டினார். 1937 ஜூலை 20-ஆம் நாள் அவர் உரோமில் மறைந்தபொழுது, உலக வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் வாளாவிருந்து அஞ்சலி செய்தன. பின்னர், பிற அறிஞர் பலரின் முயற்சியால் ராடார்க் கருவி கப்பல்களில் இடம்பெற்றது.

எனினும், 2017 ஜனவரி 28-ஆம் நாள் விடியற்காலையில், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தின் அருகே டான் காஞ்சிபுரம், பி.டபிள்யூ. மேப்பிள் என்னும் இரு கப்பல்கள் மோதின. எண்ணெய் கடலிற் பரவிக் கரை கறுத்தது. மீனவர் தொழில் கெட்டது. தொண்டர் பலர் வாளிகளால் எண்ணெயை அள்ளி அகற்றினர். கருவி இல்லாக் காலத்து நேர்ந்த இடரன்று அது. கருவி இடரைக் காட்டும், விலக்காது. காட்டுவதை விழிப்புடன் உணர்ந்து, உரிய காலத்தே விலகுதல் மாந்தர் கடனாகும். அக்கடனைச் செவ்வனே ஆற்றுவோரே மார்க்கோனியின் உழைப்பைப் பயனுடையதாக்குவோர் ஆவர்.