தாதாபாய் நௌரோஜி சரித்திரம்

நியாயமான வழக்கை உடையவன் அதனை எவ்வாறு எடுத்துரைத்தல் வேண்டும், எதுவரையில் பொறுத்திருத்தல் வேண்டும், பொறுமை பயன்படாதபோது யாது செய்தல் வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றவர் தாதாபாய் நௌரோஜி ஆவர். பிரிட்டிஷ் பார்லிமெண்டில் இந்தியாவின் குரலாகச் சென்று அமர்ந்த அப்பெரியாரின் சரித்திரத்தை நம் சமூகத்து வாலிபர் அறிந்திருத்தல் நலம்.

இவர் 1825ம் வருஷம் செப்டம்பர் மாதம் 4ந் தேதி பார்ஸி புரோகிதர் குடும்பமொன்றில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். எழுத்தறியாத அன்னை மாணிக்பாய் வறுமைக்கிடையே அவரை வளர்த்துப் படிக்க வைத்தார். பம்பாயில் அக்காலத்தில் சம்பளமின்றிக் கல்வி கிடைத்தமையால் எல்பின்ஸ்டன் கலாசாலை வரையில் அவர் கற்க முடிந்தது. பொது ஜனங்களின் பொருளால் கல்வி பெற்றோம். ஆகவே அக்கல்வி பொது ஜனங்களுக்கே கடன்பட்டது என்னும் எண்ணம் இளமையிலேயே அவருள்ளத்தில் வேரூன்றியது. அக்கலாசாலையிலேயே கணித சாஸ்திரப் பேராசிரியரானார். இந்தியர் ஒருவர் அத்தகைய பதவி பெற்றது அதுவே முதன்முறையாம். பெண் கல்வியைப் பலர் பழித்த அந்நாளில், 1849ல் நண்பர்களோடு பம்பாயில் பெண் பாடசாலைகள் தொடங்கினார். 1851ல் ராஸ்த் கோப்தார் என்னும் குஜராத்திப் பத்திரிகையை ஸ்தாபித்தார்.

1855ல் காமா கம்பெனியின் பங்காளியாக லண்டன் சேர்ந்தார். அபின் முதலிய வியாபாரத்தில் வரும் லாபம் தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாமையால் அதினின்று விலகி, 1859ல் சொந்த வர்த்தகம் தொடங்கினார். கணக்குப் புஸ்தகத்தில் பழகிய அக்கண்கள் விரைவில் தேசத்தின் கணக்கைப் பார்க்கத் தொடங்கின. 1866ல் கிழக்கிந்திய சங்கத்தை நிறுவினார். சர்க்கார் வெளியிட்ட புள்ளிகளையே கொண்டு, இந்தியன் ஒருவனுக்குச் சராசரி வருஷ வரும்படி சுமார் 20 ரூபாயே என்று கணித்தார். சிறைக்கைதியின் உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவோடு அதனை ஒப்பிட்டு, குற்றம் செய்யாத குடியானவன் கைதிக்குக் கிடைப்பதும் கிடையாமல் வாடுகிறான் என்று காட்டினார்.

இவ்வறுமைக்கு அவர் கூறிய காரணம் மதுரை நாட்டார்க்கு எளிதில் விளங்கும். திருமலை நாயக்கர் வரி வாங்கினார். ஆனால் அப்பணம் மஹாலாகவும் தெப்பக்குளமாகவும் கொத்தனுக்கும் கல்தச்சனுக்கும் கூலியாகவும் இந்நாட்டிலேயே தங்கிற்று. கண்மாயில் ஏறிய நீர் மடை வழியாகத் தன் ஆயக்கட்டுக்கே பாய்வது போன்றது அது. பிரிட்டிஷ் ஆட்சியிலோ உத்தியோகஸ்தரின் சேமிப்பும், பென்ஷனும், கடனுக்கு வட்டியும், லண்டன் காரியாலயச் செலவும் ஆண்டுதோறும் கடல் கடந்து சென்றன. கரை உடைந்த கண்மாய்க்கு எவ்வளவு மழை பெய்தாலென்ன? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில், சேமிப்பற்ற ஜனங்களின் கதி யாது என்பதை உலகம் கண்டது.

1858 முதல் இந்தியாவின் விதி பார்லிமெண்டின் கையில் இருந்தது. ஆயினும் இந்திய வரவு செலவு விவாதத்துக்கு வரும் நாளில் அங்கே பெரும்பாலான ஆசனங்கள் காலியாகவே கிடக்கும். ஆகவே தாமே அங்குச் செல்வதென்று தாதாபாய் துணிந்தார். 1886ல் ஹோல்பர்ன் தொகுதியில் தோல்வியுற்றார். 1888ல் பிரதம மந்திரி ஸாலிஸ்பரி பிரபு, கறுப்பு மனிதரொருவரை ஆங்கிலேயர் தேர்ந்தெடுக்கமாட்டார் என்னும் கருத்துப்பட இவரை இகழ்ந்து பேசினார். அவ்விகழ்ச்சியே இவர் பெயரை இங்கிலாந்து முழுவதும் பரப்பிற்று. 1892ல் மத்திய பின்ஸ்பரி தொகுதியில் 2,959 வோட்டுகள் பெற்றார். எதிரி பெற்றவை 2,956. மூன்றே வோட்டு வித்தியாசத்தில், தம் 66வது வயதில், தம் மத நூலைக் கையிலேந்திப் பிரமாணம் செய்து பார்லிமெண்டில் அமர்ந்தார்.

அக்காலத்தில் ஸிவில் ஸர்வீஸ் பரீட்சை லண்டனில் மட்டுமே நடந்தது. மதுரையில் பி.ஏ. தேறிய ஒருவன், எத்துணை அறிவுடையவனாயினும், கப்பலேறப் பொருளில்லாவிடில் அதனை நினைக்கவும் இயலாது. அப்பரீட்சை இந்தியாவிலும் ஏககாலத்தில் நடத்தப்பட வேண்டுமென்னும் தீர்மானம் 1893 ஜூனில் நிறைவேறியது. ஆனால் நிறைவேறிய தீர்மானம் அமலுக்கு வரவில்லை. மாகாண அரசாங்கங்களைக் கேட்டபோது சென்னை ஒன்றே ஆதரித்தது, ஏனையவை மறுத்தன. இந்தியாவில் அப்பரீட்சை நடந்தது 1922ல்; அப்போது தாதாபாய் உயிரோடில்லை.

1895 தேர்தலில் ஆசனம் இழந்தார். ஆயினும் இந்தியச் செலவை ஆராய்ந்த வெல்பி கமிஷனில் அங்கம் வகித்து வாதாடினார். 1901ல் தம் ஆராய்ச்சிகளை இந்தியாவின் வறுமை குறித்த பெருநூலாக வெளியிட்டார். 1906ல் வடக்கு லாம்பெத்தில் மறுபடியும் தோல்வி. அவ்வாண்டு டிஸம்பரில், 81 வயதில், கல்கத்தா காங்கிரஸுக்கு மூன்றாம் முறை தலைமை தாங்கினார். ஐம்பது வருஷம் ஆங்கிலேயரின் நீதியுணர்ச்சியை நம்பி விண்ணப்பித்த அந்தக் கிழவரே, இனிக் கோர வேண்டியது சுயராஜ்யம் என்று பிரகடனம் செய்தார். அவ்வாண்டே தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதையும் இங்கு நினைவு கூரலாம். 1917ம் வருஷம் ஜூன் 30ந் தேதி தாதாபாய் பம்பாயில் காலமானார்.

விண்ணப்பம் செய்து வீணே காலம் கழித்தார் என்று சிலர் இவரைக் குறை கூறினர். அது பொருந்தாது. கோபத்தினால் எழுந்த சொல்லை ஆளுவோர் எளிதில் தள்ளிவிடுவர். அவர்கள் புள்ளிகளைக் கொண்டே அவர்கள் முன் வைத்த கணக்கைத் தள்ளுதல் எளிதன்று. பின்வந்த தலைவர் யாவரும் அக்கணக்கின் மீதே நின்று பேசினர். கணக்கு ஒப்புக்கொள்ளப்படாதென்று தெளிந்தபின், தம் பழைய நம்பிக்கையை விட்டுக் கொடுக்கவும் அவர் வெட்கப்படவில்லை.

பொதுப் பொருளால் படித்தோர் பொதுவுக்குக் கடன்பட்டோர் என்பதையும், வழக்காடுமுன் கணக்கறிதல் வேண்டும் என்பதையும், மூன்று வோட்டேயாயினும் அதனை அற்பமென்று எண்ணலாகாது என்பதையும் நம் வாலிபர் இவரிடம் கற்பாராக.