ஆரல்வாய்மொழித் தியாகி தேவசகாயம்

கோலார் தங்கவயலில் குடியேறிய நம் முன்னோர், பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணைப் பிரிந்து வந்தவர்கள். பொன் விளைந்த சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் மூடப்பட்டன. அதன் பின்னும் காலனி வீடுகளை விட்டகலாது, விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்ற குடும்பங்கள் நம்மிடையே பல. உத்தியோகத்தின் அருமையை இவ்வாறு அனுபவத்தால் அறிந்த நாம், கைவசமிருந்த பெரும் உத்தியோகத்தைத் தம் விசுவாசத்தின் பொருட்டு இழக்கத் துணிந்த ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத முற்பட்டோம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் நீலகண்டன் பிறந்தார். தந்தையார் காயங்குளத்து வாசுதேவன் நம்பூதிரி. தாயார் திருவட்டாற்றைச் சேர்ந்த தேவகி அம்மை. செல்வக் குடி, கல்விக்கும் குறைவில்லை. திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மரின் அரண்மனைப் பணியில் அமர்ந்து, பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோயிலின் காரியங்களையும் மேற்பார்த்து வந்தார். பார்கவி என்னும் நங்கையை மணந்தார். மன்னரின் நம்பிக்கை, ஊராரின் மரியாதை, நிலம், கால்நடை ஆகிய யாவும் அவருக்கு இருந்தன.

1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. சிறைப்பட்ட படைத்தலைவர் டி லன்னாயையே தம் சேனைக்கு ஆசானாக்கிக்கொண்டார் மன்னர். அந்தக் கூர்மதியை மெச்சத்தான் வேண்டும். இந்த டி லன்னாயும் நீலகண்டரும் நண்பராயினர். அக்காலத்தில் நீலகண்டரின் வீட்டில் கால்நடைகள் மடிந்தன, பயிர் பொய்த்தது. சோர்ந்திருந்த நண்பருக்கு டி லன்னாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. எல்லாம் இழந்தும் இறைவனை இழக்காத அம்மனிதரின் கதை நீலகண்டரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பாலிருந்த வடக்கன்குளத்திற்குச் சென்று, 1745 மே 14-ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார். பரஞ்சோதிநாதர் என்று தமிழர் அழைத்த இத்தாலிய இயேசு சபைக் குரு அதனை நிறைவேற்றினார். லாசர் என்னும் திருப்பெயரின் பொருளைத் தமிழில் வைத்துத் தேவசகாயம் ஆனார். அவர் மனைவியும் திருமறை தழுவி ஞானப்பூ எனப் பெயர் பெற்றார்.

மறை மாறியவர் அதனை மறைவாக வைத்துக்கொண்டு உத்தியோகத்தில் நீடித்திருக்கலாம். அவரோ வெளிப்படையாகப் பேசினார். தாழ்த்தப்பட்ட குலத்தாருடன் வேற்றுமையின்றிப் பழகினார். மேற்குடியினர் பகைத்தனர். 1749 பிப்ரவரி 23-ஆம் நாள் அவர் சிறைப்படுத்தப்பட்டார். அவர்மீது அரசு சாட்டிய குற்றம் வேறு, சமயம் காரணமன்று என்று வாதிடும் வரலாற்றாளரும் உளர். நாம் ஒன்றை மட்டும் கவனிக்கிறோம். அவர் சிறையிலிருந்த 1750-ஆம் ஆண்டில்தான் மார்த்தாண்ட வர்மர் நாடு முழுவதையும் ஸ்ரீ பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணம் செய்து, தாம் இறைவனின் தாசனாக நின்று ஆளத் தொடங்கினார். அத்தகைய ஆட்சியில் அரசப் பணியாளர் ஒருவர் வேறு மறையைப் பற்றி நிற்பது, சமயத்தையும் அரசியலையும் ஒருங்கே தொடும் செயலாகவே பார்க்கப்பட்டிருக்கும்.

ஏறத்தாழ மூன்றாண்டு வதை நடந்தது. எருக்கம்பூ மாலையிட்டு, எருமையின் மேல் பின்புறம் நோக்கி அமர்த்தி, ஊரூராகக் கொண்டு சென்றனர். புண்களில் மிளகாய்ப்பொடி தூவினர். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் நெடுநாள் கட்டி வைத்தனர். அங்கே அவமதிக்கப்பட வேண்டியவரை நாடி மக்கள் ஆறுதல் தேடி வந்தனர் என்பர். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடியவர் முழங்கையால் தட்டிய பாறையில் நீர் சுரந்தது என்று நம்பி இன்றும் அங்கே செல்வோர் உளர். நம்மை வியக்க வைப்பது அந்நீரினும் வேறொன்று. பழைய மார்க்கத்திற்குத் திரும்பினால் விடுதலையும் பழைய வாழ்வும் கிட்டும் என்ற நிலை அவருக்கு ஒரு நாளன்று, ஒவ்வொரு நாளும் இருந்தது. ஒரு நொடித் துணிவு பலருக்கும் வாய்க்கும். மூன்றாண்டுத் துணிவு அரிது.

1752 ஜனவரி 14-ஆம் நாள், ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றனர். வயது 39. காட்டில் எறியப்பட்ட உடலின் எஞ்சிய எலும்புகளைத் திரட்டிக் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர் கிறிஸ்தவர்கள்.

2012 டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2022 மே 15-ஆம் நாள் ரோமாபுரியில் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. இந்தியப் பொதுநிலையினருள் அப்பட்டம் பெற்றவர் அவரே முதல்வர். பெயருக்குப் பின் வழங்கிவந்த பிள்ளை என்னும் சாதிப் பட்டத்தைத் திருச்சபை நீக்கியதும் பொருத்தமே. ஆயினும் அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்து ஆலயத்திலேயே பிற்காலத்தில் சாதி பிரிக்கும் சுவர் எழுந்து, 1910-இல்தான் இடிக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

டி லன்னாய் அதே மன்னர் குலத்திற்குத் தொடர்ந்து பணியாற்றி 1777-இல் மறைந்தார். உதயகிரிக் கோட்டையில் உள்ள அவர் கல்லறையில் இலத்தீனுடன் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. கணவரை இழந்த ஞானப்பூ அம்மாள் நாடு திரும்பவில்லை. வடக்கன்குளத்திலேயே எஞ்சிய நாட்களைக் கழித்தார். அவர் கல்லறையும் அங்கேயே இருக்கிறது.