கொச்சியின் கடல்வாயைத் திறந்த பிரிஸ்டோ

கொச்சி ஓர் இயற்கைத் துறைமுகம் என்று நாம் சமூக அறிவியலில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்த இயற்கைத் துறைமுகத்தின் உள்ளே பெரிய கப்பல்கள் செல்ல 1928 வரை வழியே இல்லை. அந்த வழியை உண்டாக்கியவர் சர் இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர்.

இவர் 1880-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். துறைமுகப் பொறியியலே இவரது தொழில். அக்காலத்தில் கொச்சிக் கோட்டைப் பகுதி சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. (நம் புதுச்சேரியோ பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது.) சென்னை ஆளுநர் வெலிங்டன் பிரபுவின் காலத்தில், 1920 ஏப்ரலில், பிரிஸ்டோ கொச்சிக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அவர் கண்டது என்ன? காயல் ஆழமாகவும் அமைதியாகவும் இருந்தது. ஆனால் அது கடலோடு சேரும் வாயில் பாறைபோல் இறுகிய மணல்திட்டு ஒன்று குறுக்கே கிடந்தது. கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரமிட, சரக்குகளைத் தோணிகளில் ஏற்றி இறக்கினர். மழைக்காலத்தில் அதுவும் முடியாது.

திட்டை வெட்டி எறிந்தால் போதாதா என்று நமக்குத் தோன்றும். அதுதான் இல்லை. கடல்நீர் நாள்தோறும் இருமுறை ஏறி காயலுக்குள் புகுகிறது. இருமுறை வற்றி வெளியேறுகிறது. இதனை ஓதம் என்பர். உள்ளே போய்வரும் நீரின் அளவு, வாயின் அகலம், ஆழம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பிடித்து நிற்பவை. ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாறும். வாயை ஆழமாக்கினால் வைப்பின் தீவின் கரையைக் கடல் தின்றுவிடும் என்றும், காயல் தூர்ந்துபோகும் என்றும் பலர் அஞ்சினர். கரையில் குடியிருந்தவர்களுக்கு அது வீடு வாசலைப் பற்றிய அச்சம்.

வெட்டுவதற்கு முன்பே விளைவை அறிய வழி உண்டா? 1885-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பேராசிரியர் மெர்சி ஆற்றின் கழிமுகத்தை ஒரு தொட்டிக்குள் சிறு மாதிரியாகச் செய்தார். மணலைச் சமமாகப் பரப்பி, ஏற்றமும் வற்றமும் மாறி மாறி வரச் செய்தார். அத்தொட்டியில் ஓர் ஓதம் முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பல நூறு ஓதங்கள் கழிந்தபின், உண்மையான மெர்சியில் இருப்பது போன்ற திட்டுகளும் ஓடைகளும் தாமாகவே தோன்றினவாம்! இன்று புனே அருகே கடக்வாஸ்லாவிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டுத் துறைமுகங்களை இவ்வாறே மாதிரி செய்தும், கணினியில் கணக்கிட்டும் ஆராய்கின்றனர்.

பிரிஸ்டோ கொச்சிக் கடலின் நீரோட்டங்களையும் ஓதங்களையும் விரிவாக ஆராய்ந்தார். ஆபத்தைத் தவிர்க்க முடியும் என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் உடனே வாயில் கைவைக்கவில்லை. முதலில் வைப்பின் கரையைக் காக்க, கரைக்கு ஏறக்குறைய இணையாக, ஒன்றின்மேல் ஒன்று சற்று விலகிச் செல்லுமாறு கருங்கல் வரிசைகளை அமைத்தார். நம் மீனவர்கள் தூண்டில் வளைவு என்கிறார்களே, அவ்வினத்தைச் சேர்ந்தவை. அவற்றின் இடையே மணல் தானாகச் சேர்ந்து கரை வளர்ந்தது. எங்களுக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

ஏனெனில் கனகசெட்டிக்குளத்தில் இருந்து படிக்கும் எங்களுக்குக் கரையின் அருமை தெரியும். 1986 முதல் 1989 வரை அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடைபட்டது. தேங்கும் மணலை வாரி வடக்கே சேர்க்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. ஆனால் அது தொடர்ந்து நடைபெறவில்லை. புதுச்சேரி நகரின் மணற்கரை மறைந்து கருங்கற்கள் வந்தன. அரிப்பு மெல்ல வடக்கே நகர்ந்து பிள்ளைச்சாவடிப் பக்கமும் வந்தது. அதற்கும் வடக்கே காலாப்பட்டு. அதையடுத்து எங்கள் ஊர். படகை ஏற்றிவைக்க மணல் வேண்டும், வலை காயப்போடவும் மணல் வேண்டும். 2018-இல் நகரின் அருகே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தபின் அங்கே ஓரளவு மணல் திரும்பியிருக்கிறது.

கொச்சிக்கு வருவோம். 'லார்டு வெலிங்டன்' என்ற மண்வாரிக் கப்பல் 1926 மே மாதம் வந்தது. நாளொன்றுக்கு இருபது மணி நேரம் அது உழைத்தது. வாரிய மண்ணைப் பிரிஸ்டோ வீணாக்கவில்லை. காயலின் நடுவே கொட்டி ஒரு தீவையே எழுப்பினார்! அதுவே வெலிங்டன் தீவு. 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது.

ஐரோப்பியர் சங்கங்களில் இந்தியருக்கு இடமில்லாத அந்நாளில், இருவரும் கூடும் லோட்டஸ் கிளப்பை 1931-இல் பிரிஸ்டோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் தொடங்கினர். 1941-இல் தாயகம் திரும்பிய அவர், தம் கொச்சி நினைவுகளை 1959-இல் நூலாக வெளியிட்டு, 1966-இல் காலமானார்.

அவர் வெட்டிய வழியில் இன்றும் சேறும் மணலும் வந்து படிகின்றன. ஆண்டுதோறும் மண்வாரிக் கப்பல்கள் அங்கே வேலை செய்கின்றன. கொச்சிக்குத் தெற்கே செல்லானம் கரையிலோ கடல் அரிப்பைத் தடுக்க அண்மை ஆண்டுகளில் கான்கிரீட் கட்டைகளால் சுவர் எழுப்பியிருக்கின்றனர்.