மலைநாட்டுக்குக் குரல் தந்த கோ. நடேசய்யர்

பிறர் பழித்தபோதும் தாம் கொண்ட நெறியினின்று வழுவாது வாழ்ந்தோர் உலகிற் சிலரே. அச்சிலருள் ஒருவர் நம் மலைநாட்டிற் பணி புரிந்த கோ. நடேசய்யர். இரத்தோட்டையைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து மலைப்பாதை நடந்து வந்து கற்றோரும், இன்று கற்போரும் அப்பெரியாரின் வரலாற்றை அறிதல் கடனாகும்.

தஞ்சைச் சீமையிற் பிறந்த ஐயர், வர்த்தகர் சங்கப் பணியின் பொருட்டு 1915 ஆம் ஆண்டளவில் முதன்முதலாக இலங்கைக்கு வந்தார். தோட்டத் தொழிலாளரின் நிலையை நேரிற் காண விழைந்தார். ஆயின், துரையின் அனுமதியின்றி அயலார் எவரும் தோட்டத்துள் நுழைய இயலாத காலம் அது. ஆதலின் அவர் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு, துணிமூட்டை சுமந்து லயங்கள்தோறும் சென்றார். விலை பேசும் பாவனையில் அம்மக்களின் கடனையும் கண்ணீரையும் கேட்டறிந்தார். தாம் கண்டவற்றை எழுதியும் வெளியிட்டார்.

1920 இல் மீண்டும் வந்து இந்நாட்டிலேயே தங்கினார். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ முதலிய பத்திரிகைகளை நடத்தினார். 1925 இல் சட்டநிரூபண சபையில் இந்தியர் பிரதிநிதியாக அமர்ந்தார். இவ்வளவில் எதிர்ப்பும் வளர்ந்தது. அமைதியாயிருந்த தொழிலாளரைக் கெடுக்க வந்த கலகக்காரர் எனத் தோட்ட முதலாளிமார் அவரைத் தூற்றினர். தோட்ட வாயில்களை அவருக்கு அடைத்தனர். அரசாங்கமும் அவரை ஐயக்கண் கொண்டே நோக்கியது.

கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்காவுடன் இணைந்து தொழிற்சங்கப் பணி ஆற்றியவர் ஐயர். இந்தியத் தொழிலாளரே சிங்களத் தொழிலாளரின் வாழ்வுக்கு இடையூறு என்னும் குரல் அவ்வியக்கத்துள் எழுந்தபோது, செல்வாக்குள்ள அந்நட்பைத் துறந்தாரன்றித் தம் மக்களைத் துறந்தாரல்லர். மலைநாடு சென்று, 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனம் நிறுவினார்.

வாயில் அடைபட்ட இடத்து அவர் கண்ட வழி நாம் சிந்தித்தற்குரியது. தொழிலாளருட் பலர் எழுத்தறியார், ஆயினும் பாட்டறிவார். எனவே அவர்தம் துயரையும் உரிமையையும் பாட்டாக்கிச் சிறு நூல்களாக அச்சிட்டார். துணைவியார் மீனாட்சி அம்மையாரும் பாடல்கள் இயற்றி, கூட்டங்களிற் பாடினார். மனிதனைப் படலையில் மறிக்கலாம். கேட்டோர் நாவில் ஏறிய பாட்டை எந்தக் காவற்காரன் மறிப்பான்? வழியை மாற்றினாரேயன்றி, ஐயர் சொல்ல வந்த பொருளை மாற்றவில்லை.

1936 இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். எனினும் 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியபின் மக்கள் அப்பக்கஞ் சாய்ந்தனர். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். முதலாளிமாரின் பழி அவருக்குப் புதிதன்று. தாம் விழிப்பூட்டிய மக்களே தம்மைக் கைவிடுதல் அதனினும் கொடிது. அவ்வாண்டு நவம்பரில் ஐயர் காலமானார்.

மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலைநாட்டு மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். பின்னர் வாக்குரிமையும் இழந்தனர். அவருடைய பெயரும் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. பின்னாளில் எழுத்தாளர் சாரல்நாடன், பழைய ஏடுகளைத் தேடித் தொகுத்து, அவர் வரலாற்றை நூலாக்கி நமக்கு மீட்டளித்தார்.

மாணவ மணிகாள்! உங்களையும் ஒரு நாள் உலகம் பிழைபட எண்ணக்கூடும், பேசவிடாது தடுக்கவுங்கூடும். அந்நாளிற் பழித்தோரைப் பழிப்பதிற் காலத்தைக் கழியாதீர்கள். துணிமூட்டை சுமந்து லயத்துப் படியேறிய அம்மனிதரை நினைமின். பிறர் சூட்டிய பெயருக்கேற்ப அவர் தம்மை மாற்றிக்கொண்டிருப்பின், நம் முன்னோரின் துயரை அன்று எடுத்துரைக்க யார் இருந்திருப்பர்?